முன்வாசல் சர்வரும் ஸ்டெல்லாக்காவின் ஞாயிற்றுக்கிழமையும்

சர்வர் பார்ப்பவன் ஒழுங்காக வேலை செய்த நாள் யாருக்கும் தெரியாது. சொதப்பிய நாள் மட்டும் அந்தியூர் வரைக்கும் தெரியும். நீங்களும் இந்தத் தொழிலில் இருப்பவர் என்றால், "நீங்கதானே கம்ப்யூட்டர் பாக்கறீங்க, அப்படியே இந்த ஃபேன் ஏன் சுத்தலைன்னும் பாத்துருங்க" என்று யாராவது சொல்லி, நீங்களும் நாற்காலி போட்டு ஏறியிருப்பீர்கள். நான் இதுவரை இரண்டு ஃபேனும் ஒரு தண்ணி மோட்டாரும் பார்த்தாயிற்று. அதனால் உங்களிடம் கூச்சமில்லாமல் சொல்லலாம்.

கணபதியில் ஒரு லேத் பட்டறைக்கு மேல்மாடியில் என் ஆபீஸ். பக்கத்துத் தெருவில் ஒரு வெட் கிரைண்டர் கம்பெனி. டீலர்கள் புகார் பதிவதற்கு அவர்களுக்கு ஒரு வெப்சைட் உண்டு. அதற்கு இரண்டு பெட்டிகள். முன்னால் இருப்பது வெப் சர்வர். வருகிறவர்களை வாங்க என்று கூப்பிடுவது அதன் வேலை. உள்ளே இருப்பது அப்ளிகேஷன் சர்வர். புகாரை எழுதி வாங்கிக்கொண்டு மெக்கானிக்குக்குச் சொல்வது அது. முன்னால் வருவதை உள்ளே திருப்பிவிட வேண்டும், அவ்வளவுதான். அரை நாள் வேலை என்று நானாக வாயை விட்டேன்.

அந்தக் கம்பெனியில் புகார் போன் எடுப்பவர் ஸ்டெல்லாக்கா. எங்கள் ஊரில் வாரத்துக்கு வேண்டிய மாவை வீட்டுக்கு வீடு ஞாயிற்றுக்கிழமைதான் ஆட்டுவார்கள். கிரைண்டர் மக்கர் பண்ணுவதும் அன்றைக்குத்தான். அதனால் அக்கா ஞாயிற்றுக்கிழமை விடிகாலைப் பூசையைப் பார்த்துவிட்டு, எட்டு மணிக்கெல்லாம் ஆபீஸுக்கு வந்து உட்கார்ந்துவிடுவார். அவர் மகள் ஜெனிக்கு ஆறு வாரத்தில் புதுநன்மை. முதல் முறையாக நற்கருணை வாங்கப்போகிற பிள்ளைகள் வெள்ளை உடுப்பில் வரிசையாக வருவார்கள். பூசை காலை எட்டு மணிக்கு. வெப்சைட் தானாகப் புகார் வாங்கினால் அன்றைக்கு லீவு, வாங்காவிட்டால் அம்மணி வந்தாகவேண்டும் என்று முதலாளி சொல்லிவிட்டார். நான் போன முதல் நாளே அக்கா என் முன்னால் டீயை வைத்துவிட்டுச் சொன்னார்: "தம்பி, ஜெனி மெழுகுவத்தியோட நடந்து வர்றப்ப, நான் இங்க உக்காந்துட்டு 'பெல்ட்டு அறுந்துருச்சுங்களா, கல்லு சுத்தலைங்களா'ன்னு கேட்டுட்டு இருக்க முடியாதுங்க. பாத்துச் செய்ங்க."

பொடக்காணி வழி

முதலில் எது சுலபமோ அதைச் செய்தேன். யாராவது முன்வாசலுக்கு வந்தால், "நான் இல்லைங்க, உள்ளே இருக்கிற சர்வர்தான், இந்தாங்க அட்ரஸ், அங்கே போங்க" என்று முன் சர்வர் சொல்லி அனுப்பிவிடும். அட்ரஸ் என்றால் பெயர்கூடக் கிடையாது. வெறும் எண்களாக ஒரு முழ நீளம், கடைசியில் 8080 என்று ஒரு வால். என் கம்ப்யூட்டரில் ஜம்மென்று திறந்தது. காலரைத் தூக்கி விட்டுக்கொண்டேன்.

மறுநாளே பெருந்துறை டீலர் போன் பண்ணினார். அவர் ஆபீஸ் நெட்டில் அந்த 8080 கதவையே அடைத்துவைத்திருந்தார்களாம். தொடர்ந்து ஐந்தாறு பேர். எல்லாம் ஸ்டெல்லாக்காவுக்குத்தான் அடித்தது. முதலாளி என்னைக் கூப்பிட்டார். அவர் எப்போதும் வெள்ளை வேட்டி. கோபம் வந்தால் மரியாதை கூடும். "ஏனுங் தம்பி" என்று ஆரம்பித்தபோதே நான் எழுந்து நின்றுவிட்டேன். நான் திருப்பிவிடுவதென்றால் என்ன என்று விளக்கினேன். அவர் பொறுமையாகக் கேட்டார்.

அவர் சொன்னதைக் கேட்டுத்தான் எனக்குச் சரியான வழியே புரிந்தது. முன் சர்வர் வந்தவரை அனுப்பக் கூடாது, தானே உள்ளே போய் வாங்கிவந்து கொடுக்க வேண்டும். நான் படித்த படிப்பில் அதற்கு ஒரு தனிப் பெயரும் பத்துப் பக்க விளக்கமும் உண்டு. முதலாளி ஒரே மூச்சில் முடித்தார்: "ஊட்டுக்கு வந்தவங்களை வாசல்ல நிக்க வெச்சு, கொல்லைப்பக்கம் பொடக்காணி வழியாச் சுத்திப் போங்கன்னு யாராச்சும் சொல்லுவாங்களாங்க? முன்னால உக்கார வெச்சு, நாமதானுங்க உள்ள போயிக் கொண்டாந்து குடுக்கோணும்."

நீங்க போங்க, இல்லீங்க நீங்க போங்க

அப்படியே மாற்றினேன். அடுத்த வாரம், வெப்சைட்டுக்குப் பூட்டு போடச் சொன்னார்கள். அட்ரஸுக்குப் பக்கத்தில் சின்னதாக ஒரு பூட்டுப் படம் தெரியுமே, அது. போட்டேன். போட்டதும், இந்தப் பக்கம் உங்களைப் பலமுறை திருப்பி அனுப்பிவிட்டது என்று ஒரு செய்தி வந்தது. அடக் கெரகமே என்று மறுபடி திறந்தேன். மறுபடியும் அதே.

காலையில் உட்கார்ந்தவன் சாப்பாட்டு வேளை வரைக்கும் எழுந்திருக்கவில்லை. கடைசியில் பார்த்தால் விஷயம் இதுதான். வந்தவர் பூட்டோடு வருகிறார். முன் சர்வர் பூட்டைக் கழற்றி வைத்துவிட்டு அவர் கேட்டதை உள்ளே எடுத்துப்போகிறது. உள்ளே இருப்பது, "பூட்டில்லாமல் வந்தால் எப்படி, பூட்டோடு வாங்க" என்று திருப்பி அனுப்புகிறது. வந்தவர் மறுபடி பூட்டோடு வாசலுக்கு வருகிறார். முன் சர்வர் மறுபடி கழற்றுகிறது. இரண்டின் பேரிலும் தப்பே இல்லை.

மண்டை காய்ந்துபோய் நிமிர்ந்தால், எதிரே முதலாளி அறை வாசலில் இரண்டு டீலர்கள். "நீங்க போங்க முன்னால", "இல்லீங்க, நீங்க பெரியவங்க, நீங்க போங்க" என்று கை காட்டிக்கொண்டே நிற்கிறார்கள். ஒருவரும் உள்ளே போகவில்லை. ஸ்டெல்லாக்கா அவர்களையும் பார்த்தார், என் திரையையும் பார்த்தார். வந்தவர் பூட்டோடுதான் வந்தார் என்று உள்ளே சொல்லிவிட முன் சர்வரில் ஒரே ஒரு வரி எழுதவேண்டியிருந்தது. அதை எழுத என்னைத் தூண்டியது அக்கா சொன்னதுதான்: "ரெண்டுல ஒருத்தர் வாயைத் தொறந்து விசயத்தைச் சொல்லிப்போட்டா, ரெண்டு பேருக்கும் சோலி முடிஞ்சுதுங்க தம்பி."

மன்னிப்புக் கடிதம்

சர்வர் படுத்துவிட்டால் ஆங்கிலத்தில் மொட்டையாக ஒரு வரி வரும். உங்களுக்குத் தெரியாததா. முதலாளி அதைப் பார்த்துவிட்டார். வாடிக்கையாளரிடம் இப்படியா எடுத்தெறிந்து பேசுவது என்று கேட்டு, தானே ஒரு கடிதம் எழுதிக் கொடுத்தார். "பெருமதிப்பிற்குரிய ஐயா அவர்களுக்கும் அம்மா அவர்களுக்கும், தங்கள் வருகைக்கு நன்றி. எங்கள் இயந்திரம் இந்நேரம் சற்று அயர்ந்துவிட்டது. தாங்கள் பட்ட சிரமத்துக்கு வருந்துகிறோம். ஒரு காபி சாப்பிட்டுவிட்டு வந்தால் சரியாகியிருக்கும்." கீழே ஆள் பேர் இல்லாத மன்னிப்பு மன்னிப்பே இல்லை என்று சொல்லி, ஸ்டெல்லாக்காவின் பெயரையும் செல் நம்பரையும் போடச் சொன்னார். போட்டேன். பார்க்க நன்றாகத்தான் இருந்தது.

அந்த ஞாயிறு காலை ஆறரைக்கு, இந்நேரம் யார் மாவாட்டப் போகிறார்கள் என்று நினைத்து, வீட்டிலிருந்தபடியே உள் சர்வரை ரீஸ்டார்ட் பண்ணினேன். அது எழுந்திருக்கக் கால் மணி நேரம் ஆனது. அந்த நேரத்துக்கே எல்லாரும் மாவாட்டுகிறார்கள் என்பது எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. அந்த நேரத்தில் ஸ்டெல்லாக்கா விடிகாலைப் பூசையில் இருந்தார். திங்கட்கிழமை நான் போனபோது டீ வரவில்லை. நான் காரணம் கேட்டேன். அக்கா சொன்னார்: "போன் நாலாந்தடவை அடிச்சப்ப ஃபாதர் பிரசங்கத்தையே நிறுத்திப்போட்டாருங்க. 'எடுத்துப் பேசிட்டு வாங்கம்மா, அங்க யாரோ அரிசியை ஊறப் போட்டுட்டு நிக்கறாங்க'ன்னாருங்க. கோயிலே சிரிச்சுதுங்க."

தள்ளி நின்று எடுத்த படம்

புகாரோடு உடைந்த பாகத்தைப் படமெடுத்து அனுப்பலாம் என்று ஒரு வசதி வைத்திருந்தோம். முன் சர்வருக்கு ஒரு பழக்கம் உண்டு. நாமாகச் சொல்லாவிட்டால் பெரிய படங்களை வாங்காது, வாசலிலேயே மறித்துவிடும். அதைச் சொல்ல மறந்தவன் யார் என்று நீங்கள் கேட்கக் கூடாது.

அந்தியூர் டீலர் குப்புசாமி அண்ணன் படம் போகவில்லை என்று கூப்பிட்டார். படம் பெரிதாக இருக்கிறது, சின்னதாக்கி அனுப்புங்கள் என்றேன். சரி என்று வைத்தவர், கொஞ்ச நேரத்தில் மறுபடி கூப்பிட்டு, இப்போதும் போகவில்லை என்றார். இன்னும் சின்னதாக்கச் சொன்னேன். மூன்றாம் தடவையும் போகவில்லை. அந்தப் படத்தை ஸ்டெல்லாக்காவின் வாட்ஸ்அப்புக்கு அனுப்பச் சொல்லி வாங்கிப் பார்த்தேன். படத்தில் ஒரு டீக்கடை இருந்தது. ஒரு மினி பஸ், இரண்டு ஆடு, வேப்பமரத்தடியில் பேப்பர் படிக்கும் ஒருவர். கிரைண்டரைக் காணோம். அக்காதான் விரலால் பெரிசு பண்ணிக் கண்டுபிடித்தார். தெருக்கோடியில், ஒரு கடை வாசலில், கடுகளவுக்கு இருந்தது.

ஒவ்வொரு தடவையும் அண்ணன் இருபது அடி பின்னால் போய் நின்று எடுத்திருக்கிறார். தள்ளி நின்று எடுத்தால் சின்னதாகத்தானே தெரியும்? கணக்கு சரிதான். நான் பெரிய படங்களையும் உள்ளே விடச் சொல்லி சர்வரில் எழுதிவிட்டு, பக்கத்திலேயே நின்று எடுத்து அனுப்புங்கள் என்றேன். அண்ணனுக்கு என் மேல் வருத்தம். "இதை மொதல்லயே சொல்லியிருக்கலாமுங்க" என்றவர், போனை வைக்குமுன் சொன்னார்: "இன்னொருக்காத் தள்ளிப் போகச் சொல்லியிருந்தீங்கன்னா ஏரிக்குள்ளதானுங்க நின்னிருப்பேன்."

பொன்னாடை

ஐந்தாவது வாரம் எல்லாம் ஓரளவு நின்றது. யார் யார் வந்தார்கள் என்று ஒரு பட்டியல் எடுத்து முதலாளி மேஜையில் வைத்தேன். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வெகுநேரம் படித்தார். பிறகு எழுந்து வெளியே போய்விட்டார். திரும்பி வந்தபோது கையில் ஒரு ஜவுளிக்கடைப் பை. உள்ளே ஜரிகை வைத்த பொன்னாடை.

பட்டியல் முழுக்க ஒரே எண்ணிலிருந்து வந்திருப்பதாக இருந்ததாம். காலையில் அவர், மத்தியானம் அவர், சாயங்காலமும் அவரே. இத்தனை தடவை நம்மைத் தேடி வந்த மனிதரைக் கூப்பிட்டு மரியாதை செய்யாவிட்டால் நாம் என்ன கம்பெனி நடத்துகிறோம் என்று முதலாளி உருகிப்போய்விட்டார். அந்தப் புண்ணியவான் எந்த ஊர் என்று கேட்டார். அந்த எண் எந்த ஆளுடையதும் இல்லை, நம் முன் சர்வருடையதுதான். யார் வந்தாலும் கேட்டதை உள்ளே கொண்டுபோவது அதுதானே, அதனால் உள் சர்வர் வந்தவர் எல்லாரையும் ஒரே ஆள் என்று நினைத்துக்கொண்டிருக்கிறது. வந்தவரின் உண்மையான எண்ணை உள்ளே சொல்லிவிட முன் சர்வரில் இன்னொரு வரி எழுதவேண்டும். இதையெல்லாம் விளக்கி, நாளைக்கு எழுதிவிடுகிறேன் என்றும் சொன்னேன்.

முதலாளி கொஞ்ச நேரம் பொன்னாடையைத் தடவிக்கொண்டு நின்றார். வாங்கியதைத் திருப்பிக் கொடுக்க அவருக்கு மனசில்லை. ஸ்டெல்லாக்காவைப் பார்த்து, "அம்மணி, வந்தவங்களை எல்லாம் கவனிச்சது அதுதான்னா, அதுக்கே போத்திவிட்டுருங்க" என்றார். போர்த்திவிட்டோம். போர்த்தி ஒரு மணி நேரத்தில் பெட்டி சூடாகி அணைந்துவிட்டது. மன்னிப்புக் கடிதத்தைக் காட்டக்கூட வாசலில் ஆளில்லை. அக்கா இரண்டு காதிலும் போனை வைத்துக்கொண்டு பேசினார். அந்த அமளியில் நான் சிரித்துச் சிரித்து, எழுதவேண்டிய வரியை மறந்தே போனேன். பொன்னாடையை மடித்து பீரோவில் வைத்தபடி முதலாளி சொன்னார்: "மரியாதையும் அளவாத்தானுங்க செய்யோணும். மூச்சு முட்டிருச்சு பாருங்க."

செருப்புகளுக்கு நடுவே

புதுநன்மை ஞாயிறு வந்தது. அக்கா எனக்கும் முதலாளிக்கும் வீட்டுக்கு வந்து அழைப்பு வைத்திருந்தார். இன்றைக்கு ஒரு நாள் வெப்சைட் தனியாக நின்றுவிட்டால், இனி எல்லா ஞாயிறும் அம்மணிக்கு லீவு என்று முதலாளியும் சொல்லியிருந்தார். எதற்கும் இருக்கட்டும் என்று வெள்ளிக்கிழமையே நான் மன்னிப்புக் கடிதத்தில் அக்கா நம்பரை எடுத்துவிட்டு என் நம்பரைப் போட்டுவிட்டேன். யாரிடமும் சொல்லவில்லை. லேப்டாப் பையோடு கோயிலில் கடைசி பெஞ்சில் உட்கார்ந்தேன். முதலாளி குடும்பத்தோடு முன்னால், அக்கா அதற்கும் முன்னால். பூசை ஆரம்பித்துப் பத்து நிமிஷத்தில் என் சட்டைப்பை நடுங்கியது.

வெளியே ஓடி வந்து எடுத்தேன். அந்தியூர் குப்புசாமி அண்ணன். பாஸ்வேர்டு மறந்துபோய், தெரிந்த பெயரையெல்லாம் போட்டுப் பார்த்தாராம், ஐந்து தடவை. ஐந்து தடவை தப்பாகப் போட்டால் அந்த ஆளை ஒரு மணி நேரம் உள்ளே விடாதே என்று உள் சர்வரில் ஒரு சட்டம். உள் சர்வருக்குத்தான் எல்லாரும் ஒரே ஆளாயிற்றே! அந்தியூர் அண்ணனை நிறுத்துவதாக நினைத்துக்கொண்டு ஜில்லா முழுவதையும் வாசலில் நிறுத்தி, என் நம்பர் போட்ட மன்னிப்புக் கடிதத்தை எல்லாருக்கும் நீட்டிவிட்டது. எழுதாமல் விட்ட அந்த ஒற்றை வரி. உள்ளே முதலாளிக்கு விஷயம் தெரிந்தால் அக்காவின் ஞாயிற்றுக்கிழமைகள் எல்லாம் போச்சு.

கோயில் வாசலில், கழற்றி விட்ட செருப்புகளுக்கு நடுவே படியில் உட்கார்ந்தேன். மடியில் லேப்டாப், கழுத்துக்கும் தோளுக்கும் நடுவில் போன். பெருந்துறைக்காரர் கூப்பிட்டார், பிறகு வரிசையாக யார் யாரோ. பாட்டுத் தாளின் பின்பக்கத்தில் புகார்களை எழுதிக்கொண்டேன். பெல்ட்டு அறுந்துருச்சுங்களா, கல்லு சுத்தலைங்களா என்று நானே கேட்டேன். ஒரு கையால் அந்த வரியை எழுதி, அந்த ஒரு மணி நேரத் தடையை எடுத்துவிட்டு, மறுபடி ஓட வைத்தேன். கடைசியாகப் பேசியவர், "அம்மணி இல்லீங்களா? நீங்க புதுசுங்களா? அவங்க இன்னும் தன்மையாப் பேசுவாங்க" என்று சொல்லிவிட்டு வைத்தார். அதன் பிறகு போன் அடிக்கவில்லை. எட்டிப் பார்த்தேன். பிள்ளைகள் மெழுகுவத்தியோடு திரும்பி நடந்துகொண்டிருந்தார்கள். ஜெனி எது என்று எனக்குத் தெரியவில்லை. ஸ்டெல்லாக்கா முந்தானையால் கண்ணைத் துடைப்பது மட்டும் தெரிந்தது.

பூசை முடிந்து எல்லாரும் வந்தார்கள். முதலாளி என் முதுகில் தட்டி, அடுத்த வாரத்திலிருந்து அம்மணி ஞாயிற்றுக்கிழமை வரவேண்டாம் என்றார். ஜெனி எனக்கு ஒரு கேக் துண்டு கொடுத்தாள். அக்கா தன் செல்லை எடுத்துப் பார்த்துவிட்டு, படியில் நான் பரப்பி வைத்திருந்ததையும் பார்த்துவிட்டுச் சொன்னார்: "உள்ள வந்து உக்காராம இங்கயும் அந்தப் பொட்டியவே நோண்டிட்டு இருந்தீங்களாக்கும்? பாருங்க, ஒரு போன்கூட வரலைங்க. உங்க சர்வர் நல்லாத்தானுங்க இருக்குது, நீங்கதான் தேவையில்லாம பயந்துக்கறீங்க."

முன்னால் நிற்கிற சர்வரின் பிழைப்பே இவ்வளவுதான்: வருகிற ரோதனையை எல்லாம் தான் வாங்கிக்கொண்டு, உள்ளே இருப்பவர்களை இன்றைக்கு ஒன்றுமே வரவில்லை என்று நம்பவிடுவது. நல்லவேளையாக எனக்கு யாரும் பொன்னாடை போர்த்தவில்லை.